பழைய வீட்டைச் சரிசெய்வதா, காரைக்குடிக்குக் குடிபோவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். பள்ளத்தூர் பக்கம் உங்கள் ஐயாவின் அப்பா 1932-இல் கட்டிய செட்டிநாட்டு வீடு. இப்போது அதில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. வளவுக்குப் பின்னால் இருக்கும் பகுதியான இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து மழை உள்ளே இறங்குகிறது, முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவில் ஒரு பக்கம் பூச்சு கொட்டுகிறது. ஒப்பந்தக்காரர் ஒருவர் 22 லட்சம் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்கிடையில் காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு தனி வீடு 48 லட்சத்துக்கு வந்திருக்கிறது. எதில் பணம் போடுவது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில், "அப்பா வரமாட்டேன் என்கிறார், பங்காளிகள் காசு தரமாட்டார்கள், பூட்டிவிட்டுப் போனால் வீடு விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களை அரிப்பது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் சிவில் படித்துவிட்டு 27 வருடமாகக் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிற வேலை செய்கிறேன். படித்ததைவிட இங்கே இருக்கும் கொத்தனார்களிடமும் ஆசாரிகளிடமும் கற்றுக்கொண்டதுதான் அதிகம். வக்கீல் இல்லை, ஆடிட்டரும் இல்லை. பங்கு விவகாரத்தில் எத்தனையோ வீடுகளில் வேலை பாதியில் நின்றதைப் பார்த்திருப்பதால் அதைப் பற்றி என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். உங்கள் வீட்டை நேரில் பார்க்கவில்லை, நீங்கள் போட்ட நான்கு படங்களை வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் கூரை, சுவர், தண்ணீர் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். அஸ்திவாரம், மரத்தின் உள்பலம் இரண்டையும் படத்தைப் பார்த்து யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் சரி.

முதலில் அந்த 22 லட்சம். எஸ்டிமேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஓட்டைப் பிரித்துவிட்டு இரண்டாம் கட்டுக்குக் கான்கிரீட் தளம், வளவுச் சுவர்களில் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூச்சு, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ். பெரும்பகுதி இந்த மூன்று வேலைக்குத்தான். உங்கள் வீட்டுக்கு இந்த மூன்றுமே தேவையில்லை, முதல் இரண்டும் கெடுதல். ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. புது வீடு கட்டிப் பழகியவரிடம் பழைய வீட்டைக் காட்டினால் அவர் தெரிந்த வேலையைத்தானே எழுதித் தருவார்? ஆகவே நீங்கள் 22-க்கும் 48-க்கும் நடுவில் நின்று திணற வேண்டியதில்லை. அந்த 22 என்ற எண்ணே உங்கள் வீட்டுக்கான கணக்கு இல்லை.

ஏன் கெடுதல் என்று சொல்கிறேன். நம் வட்டாரத்தில் அந்தக் காலத்து வீடுகள் செம்புராங்கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்துக் கட்டியவை. அடியிலிருந்து ஏறும் ஈரம் அந்தச் சுவர் வழியாகவே வெளியே போய் உலர்ந்துவிடும், சுண்ணாம்பு அதற்கு வழிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற இடமில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இந்தத் தப்பைச் செய்தேன். சுவரின் அடிப்பாகம் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது என்று நாலடிக்கு நல்ல கெட்டியான சிமெண்ட் பூச்சு போட்டுக் கொடுத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து அந்த வீட்டு ஆச்சி கூப்பிட்டனுப்பினார். சிமெண்ட் அப்படியே கல் மாதிரி இருக்கிறது, அதற்கு மேலே ஆறடி உயரத்தில், தொண்ணூறு வருடமாகக் கண்ணாடி போல இருந்த முட்டைப் பூச்சு கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து நிற்கிறது. விரலால் தொட்டேன், ஒரு தட்டு அளவுக்குக் கையோடு வந்துவிட்டது. அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக் கரு கலந்து, கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து மினுக்க வேண்டும். அதை முறையாகச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. அதனால் உங்கள் வளவில் கொட்டுகிற இடத்தை மட்டும் சுண்ணாம்பால் ஒட்டுப்போடுங்கள், நன்றாக இருக்கும் பூச்சில் யாரையும் உளி வைக்க விடாதீர்கள்.

கான்கிரீட் தளத்துக்கும் இதே கதைதான், அதோடு எடையும் சேர்ந்துகொள்கிறது. ஓட்டுக் கூரையைத் தாங்கக் கட்டிய சுவரின்மேல் அதைவிடப் பல மடங்கு கனமான ஒன்றை ஏற்றுகிறோம். தளத்துக்குள் போட்ட கம்பி துருப்பிடிக்கும், வெயிலில் வீடு கொதிக்கும். இரண்டாம் கட்டில் மதியம் தூங்கியவர்களுக்கு ஓட்டுக்கடியில் இருக்கும் குளிர்ச்சி தெரியும்.

இனி தண்ணீர். உங்கள் வீட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் நான் பார்த்து இடிந்த வீடுகளில் பெரும்பாலானவை வயதால் விழவில்லை. எங்கோ ஒரு மூலையில் ஓடு நகர்ந்து, அதை யாரும் ஏறிப் பார்க்காமல், நாலைந்து ஐப்பசி கார்த்திகை அந்த ஓட்டை வழியாகவே இறங்கி விழுந்தவை. குரங்கு ஓடினாலே நாட்டு ஓடு நகரும். இரண்டு சரிவுகள் சேரும் மூலை வாய்க்காலில் சருகு அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்கடியில் போகும். உங்கள் இரண்டாவது படத்தில் முற்றத்தைச் சுற்றி ஓடும் தகர வாய்க்கால் ஒரு இடத்தில் தொங்குகிறது, அதன் நேர் கீழேதான் பூச்சு கொட்டியிருக்கிறது. எனக்கு அதுதான் காரணம் என்று தோன்றுகிறது, மழையன்று ஒருமுறை நின்று பார்த்தால் உறுதியாகிவிடும். மூன்றாவது படத்தில் முகப்புக் கைப்பிடிச் சுவரில் ஒரு சின்னச் செடி தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், அரசங்கன்று. ஒரு ஜாண்தான் இருக்கும், இலை வெற்றிலை மாதிரி அழகாக இருக்கும், அது வெளியே ஒரு ஜாண் என்றால் உள்ளே வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கையால் பிடுங்கினால் தண்டு மட்டும் வரும், வேர் உள்ளேயே இருந்து மறுபடி தளிர்க்கும். அந்த இடத்தில் இரண்டு வரிச் செங்கல்லைப் பக்குவமாகப் பிரித்து வேரை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையிலேயே திரும்ப வைக்க வேண்டும். இப்போது அரைநாள் வேலை, மூன்று வருடம் விட்டால் கைப்பிடிச் சுவரையே இறக்கிக் கட்ட வேண்டிவரும்.

தண்ணீர் வெளியே போகிற வழியையும் பாருங்கள். முற்றத்துத் தண்ணீர் தளத்துக்கடியில் ஓடித் தெருப் பக்கமோ பின்கட்டுப் பக்கமோ போய்ச் சேரும்படிதான் கட்டியிருப்பார்கள். ரோட்டை மேலே மேலே போட்டுத் தெருவே உயர்ந்துவிட்ட ஊர்களில் அந்த வாய் மூடிக்கொண்டிருக்கும், தண்ணீர் வெளியே போகாமல் அஸ்திவாரத்துக்குள் நிற்கும். ஒரு குடம் தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு எவ்வளவு நேரத்தில் எங்கே வருகிறது என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

எனக்குச் சந்தேகம் இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று மரம். பர்மா தேக்கு என்றால் கறையானே தொடாது என்று நம் ஆட்கள் சொல்வார்கள், வைரம் என்கிற முற்றிய உள்கட்டைக்கு அது பெரும்பாலும் பொருந்தும், ஆனால் ஈரத்தில் ஊறிக்கொண்டே இருந்தால் தேக்கும் இற்றுப்போகும். உத்திரம் நடுவில் கெடாது, சுவருக்குள் நுழைகிற முனையில்தான் முதலில் கெடும். வெளியே வண்ணம் பூசி ஜோராக இருக்கும். ஒரு திருப்புளியை எடுத்துச் சுவரோரமாக எல்லா உத்திர முனையிலும் அழுத்திப் பாருங்கள், நல்ல மரத்தில் நுனி வழுக்கும், கெட்டதில் பொதக்கென்று இறங்கும். எத்தனை முனை இறங்குகிறது என்பதைப் பொறுத்துச் செலவே மாறிவிடும், அதனால்தான் பழைய வீட்டுக்கு நான் கொடுக்கிற எந்தக் கணக்கின்மேலும் கால்பங்கு கூடுதலாக ஒதுக்கி வைக்கச் சொல்வேன். இரண்டாவது, நாலாவது படத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல். பழைய, ஓய்ந்துபோன விரிசலாக இருக்கலாம், இன்னும் நகர்கிற விரிசலாகவும் இருக்கலாம். அதன் குறுக்கே மூன்று இடத்தில் சின்னக் கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்பிலோ சிமெண்டிலோ பதித்துத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழை, ஒரு கோடை தாண்டியும் கண்ணாடி உடையாவிட்டால் பயப்பட வேண்டாம், அடைத்துவிடலாம். உடைந்தால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் அந்தப் பக்கத்தில் ஒரு ரூபாயும் செலவழிக்கக் கூடாது.

அப்புறம் பத்திரம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் சுவரைவிட இதுதான் அதிக வீடுகளை விழவைத்திருக்கிறது. ஐந்து புள்ளி, அதாவது ஐந்து பங்குக் குடும்பம், என்று சொல்கிறீர்கள். உள்வீடு வெளிவீடு அறைகள் ஆளுக்கு இவ்வளவு என்று வாய்வழிப் பங்கு இருக்கும், வளவும் முற்றமும் முகப்பும் பொது. கூரையோ எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. உங்கள் அறைக்கு மேலே மட்டும் ஓடு மாற்றி மழையை நிறுத்த முடியாது. பதிவு செய்த பாகப்பிரிவினை இருக்கிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பங்கில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை 2005 செப்டம்பர் 9 முதல் சட்டத்திலேயே இருக்கிறது, அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எந்தப் பங்கு எப்போது, யார் வழியாக வந்தது என்பதைப் பொறுத்து இது மாறும், அதற்கு உள்ளூரில் சொத்து வழக்கு பார்க்கிற வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பங்காளி யாராவது தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படி வாங்கியவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தில் இருக்கும் பங்குதாரர் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அதைத் தானே வாங்கிக்கொள்ள 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. உடனே தெருவில் நிற்க வேண்டிவராது.

பங்காளிகள் காசு தரமாட்டார்கள் என்பது சரி, பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கையெழுத்துத் தருவார்களா என்று கேட்டீர்களா? காசு கேட்பதும் கையெழுத்துக் கேட்பதும் வேறு வேறு. "பொதுக் கூரையை என் செலவில் சரிசெய்கிறேன், இவ்வளவு ஆகிறது, நாளை பிரிக்கும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதி ஐந்து பேரிடமும் சம்மதம் வாங்குங்கள். முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் வந்து வளவில் இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள், போனில் கேட்காதீர்கள். மேலே வானம் தெரிகிற ஓட்டையைப் பார்த்துக்கொண்டே மாட்டேன் என்று சொல்கிறவர்கள் குறைவு. பினாங்கில் இருக்கும் சித்தப்பா முதலில் போட்டுவிட்டால் மற்றவர்கள் போட்டுவிடுவார்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது.

சரி, அப்பா அம்மா எங்கே இருப்பது? இதில் கட்டடத்தைவிட அவர்கள் உடம்புதான் முக்கியம். அந்தக் கால வீட்டில் கழிப்பறை மூன்றாம் கட்டுக்கும் பின்னால். ராத்திரி இரண்டு மணிக்கு முழங்கால் வலியோடு எத்தனை நிலைப்படி தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள், நான் இதே வகை வீடு ஒன்றில் எண்ணியபோது போக வர பதினான்கு வந்தது. வயதானவர்கள் விழுவது அந்த இருட்டு நடையில்தான். முழு வீட்டையும் அவர்களுக்காகச் சரிசெய்ய வேண்டாம். வளவை ஒட்டி வெளிச்சுவர் இருக்கும் ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து, அந்த வெளிச்சுவருக்கு அப்பால், வீட்டின் பழைய சுவரில் குழாய் எதையும் பதிக்காமல், ஒட்டுக்கட்டாக ஒரு கழிப்பறையும் குளியலறையும் கட்டுங்கள், வழுக்காத தரை, கைப்பிடி, நிலைப்படி இல்லாத வாசல். பழைய மரப்பட்டை வயரிங்கை முழுசாக எடுத்துவிட்டுப் புது வயர் இழுத்துக் கசிவு வந்தால் தானே அணைக்கும் சுவிட்ச் போடுங்கள், ஈரச் சுவரும் பழைய வயரும் சேர்ந்தால் ஆபத்து. இதற்கும் கூரை வேலைக்கும் சேர்த்து என்ன ஆகும் என்பது உத்திர முனைகளைப் பார்த்த பிறகுதான் தெரியும். ஆனால் கான்கிரீட்டும் பூச்சும் டைல்ஸும் போய்விட்டால் அந்த 22-இல் பெரும்பகுதி கழன்றுவிடும்.

காரைக்குடி வீட்டைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது தப்பான யோசனை இல்லை. டாக்டர் பக்கம், கடை பக்கம், ஆட்டோ கூப்பிட்டால் வரும். அப்பாவுக்கு இதய நோய் இருந்தாலோ, அம்மா தனியாகச் சமாளிக்க முடியாத நிலை இருந்தாலோ, நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன், போங்கள் என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன். ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள். 48 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது மட்டுமே 4 லட்சத்து 32 ஆயிரம். குடிபோன பிறகும் பழைய வீட்டின் பொறுப்பு உங்களை விடாது, படைப்பும் சாமி அறையும் அங்கேதான் இருக்கின்றன, பூட்டிய வீடு ஆள் இருக்கும் வீட்டைவிட வேகமாகக் கெடும். சமையல் புகை, பெருக்குதல், ஜன்னல் திறத்தல், ஒழுகினால் உடனே கண்ணில் படுதல் இவையெல்லாம் நின்றுபோகும். ஆக நீங்கள் 48 மட்டும் போடவில்லை, 48-ஐப் போட்டுவிட்டு இந்த ஓட்டையையும் எப்படியும் அடைக்கத்தான் போகிறீர்கள்.

விற்றுவிட்டால் என்ன என்று யோசித்தால், நிலத்தோடு முழு வீட்டை வாங்க ஆள் கிடைப்பார்களா, என்ன விலைக்கு என்பதை நான் சொல்லமாட்டேன். ஓட்டலுக்கு வாங்குகிறார்கள், படப்பிடிப்புக்குக் கேட்கிறார்கள் என்று பேச்சு வரும், எல்லா ஊருக்கும் எல்லாத் தெருவுக்கும் அது வருவதில்லை, அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். தூணையும் நிலையையும் கழற்றிப் பழைய சாமான் கடைக்குக் கொடுப்பது மட்டும் வேண்டாம். ஐந்து பேர் சொத்தை ஒருவர் கழற்றினால் வழக்குத்தான், அதோடு ஒரு தூணுக்குக் கிடைக்கும் காசு அதே தூணைத் திரும்பச் செய்ய ஆகும் செலவில் சின்னப் பங்குகூட வராது. முறையாக விற்றால் வரிக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், கிடைத்த லாபத்தில் குறித்த காலத்துக்குள் வேறு குடியிருப்பு வீடு வாங்கினால் விலக்கும் உண்டு. உள்ளூரில் இருப்பவருக்கும் பினாங்கில் இருப்பவருக்கும் வரிக் கணக்கு ஒன்றாக இருக்காது, ஆடிட்டரைக் கேட்காமல் பேரம் பேச உட்காராதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வருடம் 48-க்கு அட்வான்ஸ் கொடுக்கமாட்டேன், 22-க்கும் கையெழுத்துப் போடமாட்டேன். கூரையையும் தகர வாய்க்காலையும் அரசங்கன்றையும் முதலில் முடிப்பேன், அடுத்து அந்த ஒரு அறையும் கழிப்பறையும் வயரிங்கும். கண்ணாடித் துண்டு ஒரு வருடம் விரிசலில் இருக்கட்டும். அந்த ஒரு வருடத்தில் அப்பா எப்படி நடக்கிறார், பங்காளிகள் கையெழுத்து வந்ததா என்பதெல்லாம் தெரிந்துவிடும், அப்போது காரைக்குடி வீடு வேண்டுமா என்று மறுபடி கேட்டால் உங்களுக்கே பதில் தெரிந்திருக்கும். அப்பாவிடம் "வீட்டை விட்டு வாருங்கள்" என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, "எந்த அறையில் படுத்தால் உங்களுக்குச் சௌகரியம்" என்று கேட்டுப் பாருங்கள், அவரே வளவில் நடந்து காட்டுவார்.

ஓடு பிரித்து வேய்கிற ஆள் இந்தப் பக்கம் நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள். வேலையை மாசியில் ஆரம்பித்து ஆடிக் காற்றுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், அதனால் தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதே அவரை மேலே ஏற்றிக் காட்டிவிடுங்கள். அன்றைக்கே உடைந்த ஓட்டை எண்ணி, மாற்று நாட்டு ஓடு எத்தனை வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அது பக்கத்தில் இடிக்கிற வீடுகளிலிருந்துதான் கிடைக்கும், தேடிச் சேர்க்க ஒரு மாதமாவது ஆகும்.